பெட்டியில் இருந்ததே குற்றம்: அமெரிக்க மாநில ஆயுதச் சட்டங்களும் எதிர்வாதத்தின் வழிகளும்

2005 மார்ச் கடைசியில் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியில் விமானம் ஏறினார். பென்சில்வேனியாவில் உள்ள ஆலன்டவுன் போக வேண்டும். வழியில் நியூ ஜெர்சியின் நூவார்க்கில் விமானம் மாற வேண்டும். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. தோட்டாக்களை வெளியே எடுத்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி, விதிப்படி கவுன்டரில் சொல்லி, செக்-இன் பெட்டியில் போட்டிருந்தார். யூட்டா சட்டப்படி அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

நூவார்க்குக்கு விமானம் தாமதமாக வந்தது. மாற வேண்டிய விமானம் போய்விட்டது. விமான நிறுவனம் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தன் பெட்டி அதில் ஏற்றப்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பெட்டியை மீட்பதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. இரவாகிவிட்டதால் பெட்டியோடு விமான நிலையத்து ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுன்டரில், முந்தைய நாள் சால்ட் லேக்கில் சொன்ன அதே விவரத்தைச் சொன்னார்: பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது. போலீஸ் வந்தது, கைது செய்தது. சில நாட்களைச் சிறையில் கழித்த பிறகே ஜாமீனில் வந்தார்.

வழக்கைப் பிறகு அரசே கைவிட்டது. ஆனால் கைதை எதிர்த்து அவர் போட்ட வழக்கில் தோற்றுப்போனார். 1986இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க உரிமையுள்ள ஓர் இடத்திலிருந்து அதே உரிமையுள்ள இன்னோர் இடத்துக்குப் போகிறவர் நடுவில் எந்த மாநிலத்தைக் கடந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. நிபந்தனை இதுதான்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, பயணம் செய்கிறவருக்கு அது சட்டென்று கைக்கு எட்டவும் கூடாது. காராக இருந்தால் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சிறு அறையைப் பூட்டினால் போதாது என்று சட்டமே சொல்கிறது. நம் பயணி ஓட்டலில் தூங்கிய அந்த இரவு முழுக்கப் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மேல் தப்பில்லாமலேயே இந்தச் சிக்கலில் மாட்டினார் என்பதை நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள். தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

ஆயுத வழக்கு என்றதும் யாரோ யாரையோ சுட்டார், குத்தினார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் நடக்கும் ஆயுத வழக்குகளில் ஏராளமானவற்றில் அடிபட்டவர் என்று யாருமே கிடையாது. பொருள் உங்களிடம் இருந்தது, அது போதும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாததால், “நான் யாரையும் தொடவில்லையே” என்று எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும் அது பதிலாகாது. அப்படியானால் எதிர்வாதம் எதை வைத்து நடக்கிறது? அது தெரிய வேண்டுமானால் முதலில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்றுதான் நாடு முழுமைக்கும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதில் தென்காசிக்கும் லக்னோவுக்கும் வித்தியாசமில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உரிய பொருள்களை அந்தச் சட்டம் ஆயுதம் என்ற வரையறைக்குள் கொண்டுவருவதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1791இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. 1934, 1968 போன்ற ஆண்டுகளில் வந்த ஃபெடரல் சட்டங்கள் சில பொதுவான தடைகளைப் போடுகின்றன. மற்றபடி எதை வைத்திருக்கலாம், எங்கே எடுத்துப் போகலாம், தவறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையில். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தடையில்லாத 21 வயது நிரம்பியவர் பெர்மிட் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துப் போகலாம். இப்படிப் பெர்மிட் கேட்காத மாநிலங்கள் 2024இல் 29 ஆகிவிட்டன. அதே துப்பாக்கியோடு, அதே ஆள், நியூ ஜெர்சிக்குள் கால் வைத்தால் பல ஆண்டு சிறைக்குரிய குற்றவாளி.

இந்தக் கடுமை சும்மா வந்ததில்லை. 2021இல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற கடுமையான மாநிலங்களில் மக்கள்தொகைக்கு ஏற்ற துப்பாக்கி இறப்பு விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் வருகிறது. ஆகவே சட்டமே கூடாது என்பது என் வாதம் இல்லை. கடுமையான சட்டம் யார் மேல், எந்தச் சூழ்நிலையில் விழுகிறது என்பதில்தான் என் கவலை.

நியூ ஜெர்சியையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், நம் ஆட்கள் நிறைய இருக்கும் மாநிலம். அங்கே பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போவது இரண்டாம் நிலைக் குற்றம். தண்டனை 5 முதல் 10 ஆண்டு. 1981இல் வந்த கிரேவ்ஸ் சட்டம் இதற்கு மேல் ஒரு பூட்டுப் போடுகிறது: தண்டனையில் பாதி அல்லது 42 மாதம், இதில் எது அதிகமோ அதுவரை பரோலே கிடையாது. நீதிபதி இரக்கப்பட்டாலும் தன் விருப்பத்துக்குக் குறைக்க முடியாது. வேறு மாநிலப் பெர்மிட் எதையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும்போது தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய உறையிலோ பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும். வழியில் தேவையில்லாமல் சுற்றக் கூடாது. முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா பல மாநிலங்களில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. நியூ ஜெர்சியில் அதை வீட்டில் வைத்திருக்கலாம், வெளியே எடுத்து வந்தால் தனிக் குற்றம், 18 மாதம் வரை சிறை. துப்பாக்கியில் செருகும் தோட்டா உறையான மேகசின், பத்து தோட்டாவுக்கு மேல் பிடித்தால் 2018 முதல் கூடாது. சிறு குண்டு போட்டுச் சுடும் ஏர்கன்கூட இங்கே துப்பாக்கிதான். மிளகு ஸ்பிரேயில் முக்கால் அவுன்ஸுக்கு மிகாத சிறு டப்பா ஒன்றுக்குத்தான் அனுமதி.

2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர், பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள் காரோட்டி வந்தார். சாலையில் போலீஸ் நிறுத்தியது. முன்பு கொள்ளையடிக்கப்பட்ட அனுபவத்தால் துப்பாக்கி வாங்கி, பென்சில்வேனியாவில் முறையாகப் பெர்மிட்டும் எடுத்திருந்தார். அந்தப் பெர்மிட் இங்கேயும் செல்லும் என்று நம்பி, கேட்பதற்கு முன்பே தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே அதிகாரியிடம் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்ற நிலை. முதல் முறை தவறியவர்களுக்கு வழக்கை நிறுத்திவைத்துக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று மாநிலத்தில் உண்டு, பி.டி.ஐ. என்பார்கள். அதில் சேர்க்க அரசு வழக்கறிஞர் மறுத்தார். செய்தி நாடு முழுக்கப் பரவிய பிறகு, 2014இல் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு விளக்கம் வெளியிட்டார்: சொந்த மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்து, விவரம் தெரியாமல் இங்கே கொண்டுவந்தவர்களைப் பெரும்பாலும் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று. அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் பி.டி.ஐ. கிடைத்தது. 2015 ஏப்ரலில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஊடகத்தில் வராத எத்தனையோ பேருக்கு இந்தக் கதவு திறந்திருக்காது என்பதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இன்னொன்று. 2014இல் அதே மாநிலத்தில் 72 வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைதானார். காரில் இருந்தது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. ஃபெடரல் சட்டம் இப்படிப்பட்ட புராதனத் துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகிறது. நியூ ஜெர்சியில் அந்த விலக்கு அவரைக் காப்பாற்றவில்லை. சில மாதம் கழித்து அரசு தரப்பு வழக்கைக் கைவிட்டது.

துப்பாக்கியே வேண்டாம் என்றிருப்பவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. கத்தியின் கதை இதைவிடச் சிக்கலானது. நியூயார்க் மாநிலத்தில் 1958இல் ஒரு சட்டம் வந்தது: புவியீர்ப்பாலோ வீசும் விசையாலோ தானாகத் திறந்து நிற்கும் கத்தியை வைத்திருப்பது குற்றம். மனதில் இருந்தது பழைய ராணுவப் பாராசூட் வீரர்களின் கத்தி மாதிரியான ஒன்று. நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், ஹார்டுவேர் கடையில் வெளிப்படையாக விற்கும் மடக்குக் கத்தியைப் போலீஸ்காரர் கையில் வாங்கி, மணிக்கட்டை ஓங்கி உதறிப் பார்ப்பார். திறந்துகொண்டால் கைது. பெட்டி பிரிக்கும் கிடங்குத் தொழிலாளி, தச்சர், மேடை அமைப்பவர், சமையல்காரர் என்று வேலைக்காகக் கத்தி வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மாட்டினார்கள். கைதானவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். கத்தி அப்படித் திறக்கும் என்று வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கையில் இருப்பது கத்தி என்று தெரிந்தால் போதும் என்று 2016இல் மாநிலத்தின் உச்சமட்ட நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஒரு தண்டனை பெற்றவராக இருந்தால் இதே கத்திக்கு ஏழு ஆண்டு வரை போகலாம்.

இதை உடைத்தது ஒரு சமையல்காரரின் வழக்கு. 2013இல் மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் அவரைப் பிடித்த அதிகாரி, கத்தியைப் பல முறை உதறிய பிறகுதான் அது திறந்தது. சமையல்காரர் ஃபெடரல் நீதிமன்றம் போனார். ஒரு கத்தி சட்டவிரோதமானதா இல்லையா என்பது உதறுகிறவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது என்றால், கத்தியை வாங்குகிறவன் தான் சட்டத்துக்கு உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வான்? 2019 மார்ச்சில் நீதிபதி அந்த வாதத்தை ஏற்றார், அவருடைய வழக்கில் இந்தச் சட்டம் தெளிவில்லாதது, ஆகவே செல்லாது என்றார். முன்பு ஒருமுறைக்கு மேல் வீட்டோ செய்திருந்த கவர்னர் ஆண்ட்ரூ கூமோ, அந்த ஆண்டு மே மாதம் தடையை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். ஆனாலும் நியூயார்க் நகர எல்லைக்குள் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ அலகு நீண்ட கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது இன்னமும் நகர விதிப்படி தவறு. வேலைக்குத் தேவை என்றால் விலக்கு உண்டு. கடையில் வாங்கியதையோ சாணை பிடித்ததையோ சுலபமாக எடுக்க முடியாதபடி கட்டி நேரே கொண்டுபோவதற்கும் விலக்கு உண்டு. நம் சமையலறையின் காய்கறிக் கத்தி பெரும்பாலும் நான்கு அங்குலத்தைத் தாண்டும். நண்பர் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கப் போகிறவர்கள் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவது நல்லது. டெக்சாஸிலோ 2017க்குப் பிறகு ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியைக்கூடப் பள்ளி, மதுக்கடை போன்ற சில இடங்கள் தவிர எங்கும் எடுத்துப் போகலாம்.

அப்புறம் விசா. தமிழர்கள் அதிகம் தடுக்கி விழக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே தவறு நடப்பது நல்லெண்ணத்தில். ஹூஸ்டனிலோ டாலஸிலோ வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக நண்பர்கள் சனிக்கிழமை சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார்கள். டெக்சாஸில்தான் பெர்மிட்டே வேண்டாமே என்று கிளம்பிவிடுவோம். மாநிலச் சட்டம் கேட்கவில்லை என்பது சரிதான். ஆனால் ஃபெடரல் சட்டம் எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடுக்கிறது. கொஞ்ச நேரம் கையில் வாங்குவதுகூட “வைத்திருத்தல்” ஆகலாம். மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. அந்த உரிமம் வாங்குவது பெரிய விஷயமில்லை, ஆனால் வாங்கியிருக்க வேண்டும். மீறினால் 2022 திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு வரை தண்டனை. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே ஒரே வீட்டில் கணவரிடம் கிரீன் கார்டும் மனைவியிடம் தற்காலிக விசாவும் இருந்தால், துப்பாக்கிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே வழக்காகலாம்.

இதே ஃபெடரல் சட்டத்தில் நடந்த ஒரு பெரிய வழக்கு ரெஹைஃப் வழக்கு. ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் படிக்க வந்தவர் மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். நாட்டை விட்டுப் போகாமல் தங்கிவிட்டார். பின்னர் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்று வழக்கு. 18 மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. துப்பாக்கி கையில் இருந்தது தெரியும் என்று காட்டினால் போதாது. தான் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. நாடெங்கும் இதே பிரிவில் நடந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கிடைத்த பெரிய பிடிமானம் இது.

எதிர்வாதம் என்பதற்கு வந்துவிட்டோம். பொருள் இருந்ததே குற்றம் என்கிற வழக்கில், வழக்கு என்பதே அந்தப் பொருள்தான். நல்ல வழக்கறிஞர் முதலில் பார்ப்பது அந்தப் பொருள் நீதிமன்ற மேசைக்கு எந்த வழியாக வந்தது என்பதை. சட்டவிரோதமான சோதனையில் கிடைத்ததை மாநில நீதிமன்றங்களும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துப்பாக்கியை வெளியே தள்ளிவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

1995இல் மயாமியில் போலீசுக்கு ஒரு போன் வந்தது. குறிப்பிட்ட பஸ் நிறுத்தத்தில் கட்டம் போட்ட சட்டை போட்ட பையனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை. போலீஸ் போய், கட்டம் போட்ட சட்டைக்காரனைத் தடவிப் பார்த்தது. துப்பாக்கி இருந்தது. பையனுக்கு வயது 15. தகவல் உண்மையாகவே இருந்தும், 2000இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சோதனை செல்லாது என்றார்கள். யார் என்றே தெரியாதவர் சொன்னதை மட்டும் வைத்து ஒருவர் மேல் கைவைக்க முடியாது, துப்பாக்கி என்பதற்காக அந்த விதி தளராது என்பது தீர்ப்பின் சாரம். இப்படிப்பட்ட இடங்களில்தான் வழக்கு ஜெயிக்கிறது: வண்டியை ஏன் நிறுத்தினார்கள், எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், டிக்கியைத் திறக்க யார் சம்மதித்தது, சம்மதம் கேட்டார்களா கட்டளையிட்டார்களா, அதிகாரியின் சட்டைக் கேமரா என்ன காட்டுகிறது. “கஞ்சா வாடை வந்தது” என்பது நீண்ட காலம் காரைச் சோதிக்கப் போதுமான காரணமாக இருந்தது. நியூ ஜெர்சியில் 2021இல் கஞ்சா சட்டபூர்வமானபோது, வாடை மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சோதனை போடலாமா என்று போலீஸ் கேட்டால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நாம் பெரும்பாலும் “ஒளிக்க என்ன இருக்கிறது” என்று தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலோடு மேலே சொன்ன வாதங்களில் பாதி போய்விடும்.

அடுத்த கேள்வி, அது யாருடையது. நான்கு பேர் போகும் காரில் சீட்டுக்கு அடியில் துப்பாக்கி கிடந்தால்? பொதுவாக, அது அங்கே இருப்பது தெரிந்திருந்து, எடுத்துக் கையாளும் வாய்ப்பும் எண்ணமும் இருந்தது என்று அரசு காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும் போதாது. ஆனால் நியூயார்க்கில் இதற்கு நேர்மாறான ஓர் அனுமானம் சட்டத்தில் இருக்கிறது: காரில் துப்பாக்கி இருந்தால், சில விலக்குகள் போக, உள்ளே இருந்த எல்லோரிடமும் அது இருந்ததாகக் கொள்ளலாம். 1979இல் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கில் மூன்று ஆண்களும் ஒரு 16 வயதுப் பெண்ணும் காரில் போனார்கள். இரண்டு பெரிய கைத்துப்பாக்கிகள் அந்தப் பெண்ணின் திறந்த கைப்பையில் இருந்தன. நான்கு பேருக்கும் தண்டனை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது நிலைத்தது. டிக்கியில் கிடைத்த இயந்திரத் துப்பாக்கிக்கும் ஹெராயினுக்கும் மட்டும் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, அவர்களை முன்பே விடுவித்திருந்தது. இந்த அனுமானத்தை ஜூரி கட்டாயம் ஏற்றாக வேண்டியதில்லை என்பதில்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாட இடம் இருக்கிறது. பொருளில் கைரேகை, மரபணு யாருடையது, கார் யாருடையது, அன்றைக்கு யார் யாருக்கு லிஃப்ட் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகப் பேசி அனுமானத்தைத் தளர்த்த வேண்டும். நியூயார்க்கில் அந்தத் துப்பாக்கி சுடக்கூடிய நிலையில் இருந்தது என்றும் அரசு நிரூபிக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்காமல் விடக் கூடாது.

பெர்மிட் இல்லை என்பதை யார் நிரூபிப்பது? மாசசூசெட்ஸில் பல காலம், இருந்தால் நீங்கள் காட்டுங்கள் என்பதே நிலை. 2023இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, உரிமம் இல்லை என்பதும் குற்றத்தின் ஒரு பகுதி, ஆகவே அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றது. இந்த மாற்றத்துக்குப் பின்னணி 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ப்ரூன் தீர்ப்பு. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியல் சாசன உரிமை. தனித் தேவையைக் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய முறை செல்லாது. இனி எந்த ஆயுதச் சட்டமும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படும் என்றது அது. இந்த வழியிலேயே மாசசூசெட்ஸில் சுவிட்ச் கத்திக்கு, அதாவது பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திக்கு, இருந்த தடை 2024 ஆகஸ்ட்டில் விழுந்தது. எல்லாம் விழவில்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை எடுப்பது செல்லும் என்று 2024 ஜூனில் 8-1 என்று உச்ச நீதிமன்றம் சொன்னது; அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ப்ரூன் வழக்கில் துப்பாக்கி அமைப்புகளின் பக்கம் நின்று மனு கொடுத்தவர்களில் நியூயார்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் அரசு செலவு வழக்கறிஞர்களும் இருந்தார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக ஆண்டுதோறும் தங்களிடம் வருகிற நூற்றுக்கணக்கானவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும்தான் என்று அவர்கள் நீதிமன்றத்திடம் எடுத்துச் சொன்னார்கள்.

வாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிலடெல்பியாப் பெண் உண்மையைச் சொன்னதால் சிக்கினார். மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் உள்ளவர், போலீஸ் நிறுத்தியதும் தானாகவே சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தக் கடமை வேறு. நடந்தது முழுவதையும் அங்கேயே நின்று விளக்குவது வேறு. பேசாமல் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். டெக்சாஸில் ஒரு கொலை விசாரணையில், கைதாகாத நிலையில் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், தோட்டா உறைகள் உங்கள் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டதும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனத்தையே அரசு தரப்பு சாட்சியமாகக் காட்டியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, மௌனம் காக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை என்ற காரணத்தால். ஆகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: பேச விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்.

இத்தனை வாதங்கள் இருந்தாலும் பெரும்பாலான வழக்குகள் விசாரணை மேடைக்கே வருவதில்லை. மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 சதவீதம் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் எழுதியது. மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை தலைக்கு மேல் தொங்கும்போது, சோதனை செல்லுமா செல்லாதா என்று பந்தயம் கட்ட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நியூ ஜெர்சியில் கிரேவ்ஸ் சட்டத்திலிருந்தும் தளர்வு கேட்கலாம்: அரசு வழக்கறிஞர் மனு செய்தால் நன்னடத்தைக் கண்காணிப்பாகவோ பரோல் இல்லாத காலத்தை ஓராண்டாகவோ குறைக்கலாம். கதவின் சாவி அரசு தரப்பின் கையில் இருப்பதால், வழக்கறிஞரின் வேலையில் பாதி அவர்களுக்கு உங்களைப் பற்றி ஆதாரத்தோடு எடுத்துச் சொல்வதுதான்: துப்பாக்கி எங்கே, எப்போது வாங்கியது, சொந்த மாநிலப் பெர்மிட், வேலை, குடும்பம், முன்வழக்கு இல்லாதது, ஏன் இந்தப் பக்கம் வந்தீர்கள் என்பது.

குடிமகன் அல்லாதவருக்கு இந்தப் பேரத்தில் ஒரு பள்ளம் உண்டு. துப்பாக்கிக் குற்றம் எதிலாவது தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வாங்கி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் நாடுகடத்தப்படலாம். அதோடு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை விதித்தாலே குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். கண்காணிப்புக் காலம் முடிந்து மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே பி.டி.ஐ. மாதிரி ஒரு திட்டம் கிடைக்கிறது என்றால், அதில் சேரக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளூர்க் குற்ற வழக்கறிஞர் இதை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. பாடில்யா என்பவர் ஹோண்டுராஸில் பிறந்து, வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் பணியாற்றி, நாற்பது ஆண்டுக்கு மேல் சட்டப்படி இங்கே வாழ்ந்தவர். ஒரு கஞ்சா வழக்கில் அவருடைய வழக்கறிஞர், இத்தனை காலம் இருந்துவிட்டீர்களே, குடியேற்ற நிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார். அதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. 2010இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: நாடுகடத்தல் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை. அந்தத் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான். முதல் சந்திப்பிலேயே, கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்பதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், குடியேற்றத்தில் இதன் விளைவு என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள்.